ஒரு தீவின் கணினிகளும் ஒரு பொது நெறிமுறையும்

சிங்கப்பூரின் கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். கண்ணாடி இழையில் ஓடும் ஒளி அந்தத் தொலைவை விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் கடந்துவிடும். அத்தகைய சிறு தீவில், கெண்ட் ரிட்ஜில் உள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், ஜூரோங்கின் மேற்கே உள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஏ-ஸ்டார் எனப்படும் அறிவியல், தொழில்நுட்ப, ஆய்வு அமைப்பின் ஆய்வுக் கழகங்கள் ஆகியவற்றின் கணினிகளைப் பிணைத்து ஒரே வளமாகப் பயன்படுத்தும் நோக்குடன் 2003ஆம் ஆண்டில் தேசிய கிரிட் முன்னோடித் தளம் தொடங்கப்பட்டது. இணைப்புக் கம்பிகளும் வேகமான வலையமைப்பும் அதற்கு முன்பே இருந்தன. சிங்கப்பூரின் உயர்கல்வி ஆய்வு வலையமைப்பான சிங்காரென் 1997இலேயே செயல்படத் தொடங்கிவிட்டது. அப்படியிருந்தும் இந்தக் கணினிகளைச் சேர்ந்து உழைக்கச் செய்வது கடினமாக இருந்தது என்றால், அதற்குக் காரணம் தொலைவு அன்று. ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு உரிமையாளர் இருந்தார் என்பதே.

கிரிட் கணிமை என்பது, தனித்தனி நிறுவனங்களுக்குச் சொந்தமான கணினிகளையும் தரவுக் கிடங்குகளையும் ஆய்வுக் கருவிகளையும், அவற்றின் உரிமையை மாற்றாமலேயே, ஒரு பொதுப் பணிக்காகக் கூட்டாகப் பயன்படுத்தும் முறை. மின்கட்டமைப்பில் எந்த நிலையத்தில் மின்சாரம் உற்பத்தியாகிறது என்று அறியாமலேயே வீட்டில் விளக்கை ஏற்றுவது போல, கணிப்பாற்றலையும் பெற இயல வேண்டும் என்ற எண்ணத்திலிருந்து இப்பெயர் வந்தது. இத்துறையின் அடித்தளத்தை வகுத்தவர்களில் முதன்மையானோர் அமெரிக்காவில் பணியாற்றிய இயன் ஃபாஸ்டர், கார்ல் கெசல்மன், ஸ்டீவன் டியூக்கி ஆகிய மூவர். 2001இல் இவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கிரிட்டின் மையச் சிக்கல் வேகமன்று, பல அதிகார எல்லைகளைக் கடந்து நம்பிக்கையுடன் பகிர்ந்துகொள்வதே என்று தெளிவாக எடுத்துரைத்தது.

அதிகார எல்லை என்பது வெறும் நிர்வாகச் சொல்லாகத் தோன்றலாம். ஆனால் ஓர் ஆய்வாளரின் அன்றாட வேலையில் அது மிகக் கடுமையாக உணரப்படும். ஒரு பல்கலைக்கழகத்தின் கணினித் தொகுதியில் பணிகளை வரிசைப்படுத்தும் மென்பொருள் ஒன்றாகவும், அடுத்த நிறுவனத்தில் அது வேறொன்றாகவும் இருக்கும். பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் கோப்புகளை வைக்கும் இடமும் இடத்துக்கு இடம் மாறும். வெளியார் எவ்வளவு நேரம் பயன்படுத்தலாம் என்ற விதிகளும் ஒத்திருக்கமாட்டா. இந்நிலையில் இரண்டிரண்டு நிறுவனங்களாகத் தனித்தனி ஏற்பாடு செய்துகொள்ள முனைந்தால், 5 நிறுவனங்களுக்கு 10 ஏற்பாடுகளும் 20 நிறுவனங்களுக்கு 190 ஏற்பாடுகளும் தேவைப்படும். எல்லாரும் ஏற்கும் ஒரே நெறிமுறை இருந்தால், ஒவ்வொரு நிறுவனமும் அதை ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும். நெறிமுறை என்பது இங்கே, இரு கணினிகள் என்ன கேட்கலாம், எந்த வடிவில் கேட்கலாம், அதற்கு எவ்வாறு விடை தரவேண்டும் என்பதை வரையறுக்கும் உடன்பாடு.

இத்தகைய உடன்பாட்டின் பயனைத் தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் நடமாடும் தமிழர்கள் இப்போது கைப்பேசியிலேயே காண்கின்றனர். சிங்கப்பூரின் பேநவ் பணப்பரிமாற்ற முறையும் இந்தியாவின் யுபிஐ பணப்பரிமாற்ற முறையும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு சட்டங்களின்கீழ் உருவானவை. 2023 பிப்ரவரி 21 அன்று அவை இணைக்கப்பட்டபோது, எந்த நாடும் தன் வங்கிக் கணக்கேடுகளை மற்ற நாட்டிடம் ஒப்படைக்கவில்லை. அனுப்புபவர் யார், பெறுபவர் யார், தொகை எவ்வளவு, நடவடிக்கை நிறைவேறியதா என்பவற்றைத் தெரிவிக்கும் முறையில் மட்டுமே உடன்பாடு ஏற்பட்டது. கிரிட் நெறிமுறையும் அவ்வாறே, உள்ளே நடப்பதில் தலையிடாமல், எல்லையில் நடப்பதை மட்டும் ஒழுங்குபடுத்த வேண்டியது.

ஃபாஸ்டர் குழுவினர் முன்வைத்த கட்டமைப்பு ஐந்து அடுக்குகளைக் கொண்டது. அடியில் இருப்பது கணினி, சேமிப்பகம், வலையமைப்பு போன்ற உண்மையான வளங்கள்; அதற்கு மேல் அவை ஒன்றோடொன்று தொடர்புகொண்டு அடையாளத்தை உறுதிசெய்யும் அடுக்கு; அதற்கும் மேல் ஒரு தனி வளத்தை நோக்கி 'இந்தப் பணியைத் தொடங்கு', 'இந்தக் கோப்பைக் கொடு', 'உன் நிலை என்ன' என்று கேட்கும் அடுக்கு. நான்காவது அடுக்கு பல வளங்களை ஒருங்கே பார்த்து எது எங்கே காலியாக உள்ளது என்று தேர்ந்தெடுக்கிறது. ஐந்தாவதில் அறிவியலாளரின் பயன்பாட்டு நிரல் அமர்கிறது. இந்த அமைப்பு மணற்கடிகையைப் போல இடையில் ஒடுங்கியிருப்பதே இதன் உயிர்நாடி. அடியில் எத்தனை வகைக் கணினிகள் சேர்ந்தாலும், மேலே எத்தனை புதிய பயன்பாடுகள் தோன்றினாலும், இரண்டாம் மூன்றாம் அடுக்குகளின் நெறிமுறைகள் சிலவாகவும் எளியனவாகவும் இருக்கவேண்டும். ஏனெனில் அனைவரும் கட்டாயமாக ஏற்கவேண்டியவை அவை மட்டுமே. சிங்கப்பூரின் முன்னோடித் தளமும் இக்கருத்தின்படி உருவான குளோபஸ் என்னும் திறந்தமூல மென்பொருளையே தன் பொது அடுக்காக ஏற்றுக்கொண்டது.

இந்த ஒடுங்கிய இடையில் மிக நுட்பமாக வடிவமைக்கப்பட்ட பகுதி அடையாள உறுதிப்பாடு. ஒரு பணி நன்யாங்கில் தொடங்கி, கெண்ட் ரிட்ஜிலுள்ள தரவை எடுத்துக்கொண்டு, ஏ-ஸ்டாரின் கணினியில் கணக்கிட்டு முடிக்கவேண்டும் என்றால், ஒவ்வொரு வாயிலிலும் ஆய்வாளரே வந்து கடவுச்சொல் தரமுடியாது. கடவுச்சொல்லைப் பணியோடு அனுப்பிவைப்பதும் பேராபத்து. இதற்கான தீர்வாக, நம்பகமான ஒரு சான்றளிப்பு நிறுவனம் ஆய்வாளருக்கு மின்சான்றிதழ் வழங்குகிறது. ஆய்வாளர் அதைக்கொண்டு தமக்குத் தாமே குறுகிய ஆயுளுடைய ஒரு பதிலிச் சான்றிதழை உருவாக்கிப் பணியோடு அனுப்புகிறார். குளோபஸில் அதன் வழக்கமான ஆயுள் 12 மணிநேரம். அது களவு போனாலும் இழப்பு அந்தச் சில மணிநேரத்தோடு நின்றுவிடும்; மூலச் சாவி ஆய்வாளரிடமே பத்திரமாக இருக்கும். வந்திருப்பவர் இன்னார் என்று நெறிமுறை உறுதிசெய்த பிறகும், அவரை அனுமதிப்பதா, தன் கணினியின் எந்தப் பயனர் கணக்கில் அனுமதிப்பது என்பதை அந்தந்த நிறுவனமே தன் பட்டியலைப் பார்த்து முடிவுசெய்கிறது. அடையாளம் பொதுவாகவும் அனுமதி உள்ளூருக்கு உரியதாகவும் இவ்வாறு பிரிக்கப்பட்டதுதான், தன் கணினியை இழந்துவிடுவோமோ என்று அஞ்சிய நிறுவனங்களையும் கூட்டுக்குள் வரச்செய்தது. இந்தப் பதிலி முறை 2004இல் இணையப் பொறியியல் பணிக்குழுவின் ஆவணமாகவும் வெளியிடப்பட்டது.

இதற்கு நேர்மாறான பாடமும் அதே ஆண்டுகளில் கிடைத்தது. கிரிட்டின் ஒவ்வொரு சேவையையும் வணிக உலகில் அப்போது பரவிவந்த வலைச்சேவை முறையில் மறுவடிவமைக்கும் முயற்சியில், 2003இல் விரிவான ஒரு தரம் வெளியிடப்பட்டது. ஓராண்டுக்குள் அதன் இடத்தை வேறொரு தரம் பிடித்துக்கொள்ள, நிரல்களை ஏற்கெனவே மாற்றியெழுதிய குழுக்கள் மீண்டும் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. பொது நெறிமுறை எல்லாவற்றையும் வரையறுக்க ஆசைப்படும்போது, ஒவ்வொரு மாற்றமும் அனைவரையும் தாக்குகிறது. இத்துறையில் மிகுதியான உழைப்பு வீணானது இந்த ஆசையினால்தான் என்று கூறுவது மிகையாகாது.

பொதுத் தரம் இல்லாத துன்பத்தைச் சிங்கப்பூர்த் தமிழர்கள் இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வேறொரு களத்தில் அறிந்திருந்தனர். 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் எழுத்துகளுக்குத் தனக்கேயுரிய எண்களைத் தந்ததால், ஒரு கணினியில் எழுதியதை மற்றொன்றில் படிக்க முடியாமல் போயிற்று. எழுத்தாளரும் கல்வியாளருமான நா. கோவிந்தசாமி, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ முதலியோருடன் சேர்ந்து 1995இல் தமிழை இணையப் பக்கத்தில் ஏற்றினார். குறியீட்டையும் விசைப்பலகையையும் பொதுவாக்குவது குறித்துப் பேச 1997இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு கூடியது. கோவிந்தசாமி 1999இல் மறைந்தார். டான் டின் வீ பின்னர்ச் சிங்கப்பூரின் தேசிய மீக்கணினி மையத்துக்குத் தலைமை ஏற்றார். தமிழ் எழுத்தைக் கணினிகள் பகிர்ந்துகொள்ளப் பாடுபட்ட ஒருவரே கணினிகள் தம் ஆற்றலைப் பகிர்ந்துகொள்ளும் பணிக்கும் வந்து சேர்ந்தது, தமிழர்கள் நன்றியுடன் நினைவில் கொள்ளத்தக்க செய்தி.

உரிமைச் சிக்கலுக்கு ஓரளவு விடை கண்ட சிங்கப்பூர், 2014இல் தொலைவுச் சிக்கலை எதிர்கொண்டது. ஏ-ஸ்டார் முன்னின்று நடத்திய இன்ஃபினிகார்டெக்ஸ் திட்டம், கண்டங்கள் தாண்டிய மீக்கணினிகளை இணைத்து, அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் நடந்த மீக்கணிமை மாநாட்டில் செய்து காட்டியது. பசிபிக் கடலைக் கடந்த அந்த இணைப்பின் வேகம் விநாடிக்கு 100 கிகாபிட். ஒரே அறைக்குள் கணினிகளை இணைப்பதற்காகப் பிறந்த இன்ஃபினிபேண்ட் என்னும் நெறிமுறையே இதில் பயன்பட்டது. அந்நெறிமுறையில், பெறும் கணினி தன்னிடம் இடமுண்டு என்று முன்கூட்டித் தெரிவித்தால் மட்டுமே மறுபக்கம் தரவை அனுப்பும். எனவே நெரிசலால் தரவு சிதறுவதில்லை. ஆனால் 13,000 கிலோமீட்டர் தொலைவில் ஒளி போய்த் திரும்பவே குறைந்தது 0.13 விநாடி ஆகும். அதற்குள் 100 கிகாபிட் வேகத்தில் சுமார் 1.6 கிகாபைட் தரவு புறப்பட்டுவிடும் என்பதால், அவ்வளவையும் தாங்கும் இடைக்கிடங்குடைய சிறப்புக் கருவிகளை இரு முனைகளிலும் வைக்க நேர்ந்தது.

2015இல் நிறுவப்பட்ட தேசிய மீக்கணினி மையம், ஃபியூஷனோபோலிஸில் விநாடிக்குப் பத்துக் கோடி கோடி கணக்குகளைச் செய்யவல்ல ஆஸ்பயர் 1 என்ற பொறியை நிறுவி, பல்கலைக்கழகங்களின் பொதுத் தேவையை ஓரிடத்தில் குவித்தது. ஒரே அரசின்கீழ் உள்ள சிறு நாட்டுக்கு அது பொருத்தமான முடிவே. அவ்வாறு குவிக்க இயலாத பணிகளில் கிரிட் தொடர்கிறது: ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வுக்கூடமான செர்னின் தரவை 40க்கும் மேற்பட்ட நாடுகளின் ஏறத்தாழ 170 மையங்கள் இன்றும் கூட்டாகவே பகுத்தாய்கின்றன. குளோபஸ் மென்பொருளுக்கான ஆதரவை அதை உருவாக்கியவர்கள் 2018இல் நிறுத்திக்கொண்ட பின்னரும், அதன் நிரல்களைப் பயனர் சமூகம் பேணிவருகிறது. செர்னின் கிரிட் இப்போது பதிலிச் சான்றிதழ்களிலிருந்து, இணைய நிறுவனங்கள் பரவலாகக் கையாளும் அனுமதிச்சீட்டு முறைக்குப் படிப்படியாக மாறிவருகிறது. புதிய சீட்டைக் கொண்டு எவரை உள்ளே விடுவது என்ற முடிவு முன்போலவே ஒவ்வொரு மையத்தின் கையில்தான் இருக்கிறது.