பிணங்கள் எழுந்தன... படம் எழவில்லை!

இருட்டிய பிறகு கோம்பையின் மேற்கு ஓரத்தில் நின்று மலையைப் பார்த்தால், பேய்ப்படம் எடுக்க செட்டே வேண்டாம் என்று தோன்றும். அடிவாரம், தோட்டத்து நடுவே ஒற்றை வீடு, தூரத்தில் நாய்க் குரைப்பு. நாய்க்கே பேர்போன ஊர் வேறு!

1967-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜார்ஜ் ரொமேரோ என்ற இளைஞரின் கையில் இருந்ததும் ஏறக்குறைய இவ்வளவுதான். இடிக்கப்படவிருந்த ஒரு பண்ணை வீடு, பக்கத்தில் ஒரு கல்லறைத் தோட்டம், நடிக்க நண்பர்கள். செலவு சுமார் 1,14,000 டாலர். கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் ரத்தத்துக்கு சாக்லேட் சிரப்பே போதுமாக இருந்தது. 1968 அக்டோபரில் வெளியான அந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'தான் இன்றைய ஸாம்பி படங்களுக்கெல்லாம் தாத்தா. வேடிக்கை என்னவென்றால், படத்தில் 'ஸாம்பி' என்ற சொல்லே வராது.

கடைசி நேரத்தில் படத்தின் பெயரை மாற்றிய விநியோக நிறுவனம், புது டைட்டிலில் காப்புரிமை வரியைப் போட மறந்துவிட்டது. அந்தக் காலச் சட்டப்படி, அதனாலேயே படம் பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் வெளியிடலாம், யார் வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம். ரொமேரோவுக்குச் சல்லிக்காசு தர வேண்டியதில்லை.

அப்படி எடுத்த ஒன்றுதான் 2006-ல் ஜெஃப் பிராட்ஸ்ட்ரீட் இயக்கிய 'நைட் ஆஃப் தி லிவிங் டெட் 3டி'. சிவப்பு-நீலக் கண்ணாடி போட்டுப் பார்க்கிற சின்ன பட்ஜெட் படம். 'மை டியர் குட்டிச்சாத்தான்' பார்த்து சீட்டில் துள்ளியவர்கள் அதே குதூகலத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். திரையிலிருந்து கை நீள்கிறது, ஆனால் நம் நெஞ்சைத் தொடுவதில்லை.

எங்கே சறுக்கியது? முதல் படத்தில் பிணங்கள் ஏன் எழுகின்றன என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. விண்வெளியிலிருந்து வந்த கதிர்வீச்சு என்று டி.வி-யில் ஒரு ஊகம், அவ்வளவுதான். புதுப் படத்திலோ எரிக்க வேண்டிய பிணங்களை எரிக்காமல் விட்ட வெட்டியான் ஒருவர் வந்து நிதானமாக விளக்கம் சொல்கிறார். அந்த வேடத்தில் சிட் ஹேக் நன்றாகவே நடித்திருக்கிறார். ஆனால் விளக்கம் வந்ததும் பயம் போய்விடுகிறதே!

அதைவிடப் பெரிய இழப்பு பென் என்ற நாயகன். 1968-ல் அந்த வேடத்தில் நடித்தவர் டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர். ராத்திரி முழுக்கப் போராடிப் பிழைக்கிற பென்னை, விடிந்ததும் துப்பாக்கியோடு வருகிற கூட்டம் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடும். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட அதே ஆண்டு அது. தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தக் குண்டு வெறும் சினிமாக் குண்டாக இருந்திருக்காது. 2006-ல் பென் ஒரு வெள்ளை இளைஞர். அவர் இருக்கிற வீட்டு டி.வி-யில் 1968 படமே ஓடுகிறது. அப்போது நமக்கும் சானலை அந்தப் பக்கம் மாற்றிவிடலாமா என்றுதான் தோன்றுகிறது.

'பாவம், பணம் இல்லை' என்று இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது. நம் தேனி அல்லிநகரத்து பாரதிராஜாவும் பக்கத்து பண்ணைப்புரத்து இளையராஜாவும் 1977-ல் கொடுத்த '16 வயதினிலே' என்ன பிரமாண்டப் படமா? மறுவருடமே ராகவேந்திர ராவ் அதைத் தெலுங்கில் எடுத்தார். ஓடியது. 1979-ல் பாரதிராஜாவே ஸ்ரீதேவியை வைத்து 'சோல்வா சாவன்' என்று இந்திக்குக் கொண்டுபோனார். எடுபடவில்லை. மூலத்தை எடுத்தவரே எடுத்தாலும் மயிலும் சப்பாணியும் போகிற ஊரிலெல்லாம் பிழைப்பார்கள் என்று சொல்ல முடியாது போல. 2016-ல் வந்த நம்ம 'மிருதன்' குறைகள் உள்ள படம்தான், ஆனால் ஊட்டியையும் கோவையையும் களமாக்கிச் சொந்தமாக ஒரு கதையாவது சொன்னது.

செல்போனில் ஸாம்பி குறும்படம் எடுக்கத் துடிக்கிற கம்பம் பள்ளத்தாக்குத் தம்பி தங்கைகள், முதலில் 1968 படத்தைப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். பெயரை மட்டும் தேடினால் வேறு படம் வந்து நிற்கும், ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் தூங்கிய பிறகு போடுங்கள். நிலவறையில் அந்தச் சிறுமி எழுந்து வருகிற காட்சி பெரியவர்களுக்கே கொஞ்சம் கஷ்டம்.