குகையில் இசை

குகைக்குள் அமர்ந்து பாட்டுக் கேட்பது, மண்டபத்தில் கேட்பதைப் போன்றதன்று. மண்டபத்தில் குரல் மேடையிலிருந்து வருகிறது. குகையிலோ அது பாறையில் பட்டுத் திரும்பித் திரும்பி எல்லாப் பக்கமிருந்தும் காதை வந்தடைகிறது. பாடுவதை நிறுத்திய பின்னும் ஒலி சிறிது நேரம் நின்று தேய்கிறது. இதற்கு எதிர்முழக்கம் என்று பெயர். மாணவர்கள் பலர் இதனை எதிரொலி என்றே எழுதிவிடுகின்றனர். எதிரொலி தனியாகக் கேட்க வேண்டுமானால், திரும்பி வரும் ஒலி பத்தில் ஒரு வினாடியாவது தாமதிக்க வேண்டும். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், பாறை குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அதைவிடப் பக்கத்தில் இருந்தால் மூல ஒலியோடு கலந்து அது நீண்டுவிடும்.

குகை இசை மிகப் பழமையானது. ஜெர்மனியின் ஓலே ஃபெல்ஸ் குகையில் 2008இல் கிடைத்த எலும்புக் குழல் 35,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது. கழுகின் எலும்பில் ஐந்து துளையிட்டுச் செய்திருக்கிறார்கள். நம் காலத்தில், லெபனானின் ஜெய்ட்டா குகையில் 1969இல் இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் கச்சேரிகள் நடத்தினார். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 2008 முதல் தரைக்குக் கீழே 333 அடி ஆழத்தில், கம்பர்லாண்ட் குகையில், புளூகிராஸ் என்னும் நாட்டுப்புற இசை நிகழ்ச்சிகள் நடந்தன. 2018இல் இவை வேறொரு குகைக்கு மாறின.

இத்தகைய பெருங்குகைகள் சுண்ணாம்புப் பாறையில் உண்டாகின்றன. மழைநீர் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிப் பாறையைக் கரைக்கிறது. விழுப்புரம், செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளோ கருங்கல் வகையைச் சேர்ந்தவை. நீரில் அப்படிக் கரையாதவை. ஆகவே இங்கே பாதாளக் குகை இல்லை. பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உண்டான குகைத்தளங்களே உள்ளன. செஞ்சி அருகே திருநாதர்குன்றில் சந்திரநந்தி என்னும் சமணத் துறவி 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைக் கல்வெட்டு கூறுகிறது.

பாதாளக் குகையைப் பார்க்க விரும்புவோர் ஆந்திரத்தின் பேலம் குகைக்குச் செல்லலாம். அதன் நீளம் 3,229 மீட்டர். அங்கே சப்தசுவரக் குகை என்றோர் அறை உண்டு. தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளைத் தட்டினால் வெவ்வேறு சுரங்கள் எழும். ஆனால் அத்தகைய விழுது ஒரு சென்டிமீட்டர் வளரப் பல இடங்களில் நூறு ஆண்டளவு ஆகிறது. வருகிறவர் எல்லோரும் ஆளுக்கொரு தட்டு தட்டினால் என்னாகும்?

நம் மாவட்டத்தில் குகை ஒலியை உணரத்தக்க இடம் மண்டகப்பட்டு. இது இயற்கைக் குகையன்று. முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் 7ஆம் நூற்றாண்டில் குடைவித்த கோயில். செங்கல், மரம், உலோகம், சுதை இன்றி அமைத்ததாக அவனது கல்வெட்டு பெருமையுடன் சொல்கிறது. ஒலியியல் நோக்கில் இதில் ஒரு செய்தி இருக்கிறது. மரமும் துணியும் ஒலியைக் கொஞ்சம் உறிஞ்சும். வெறும் கருங்கல் ஏறக்குறைய முழுவதையும் திருப்பி அனுப்பிவிடும். எனினும் முன்புறம் திறந்திருப்பதால் ஒலியில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது.

சிறிய கருவறைக்குள் நின்று 'ம்' என்று முனகினால் அறையே முனகுவது போலிருக்கும். சித்தன்னவாசலில் இதனைப் பலர் செய்து பார்ப்பதுண்டு. சிலர் இதை மந்திர சக்தி என்கின்றனர்; கணக்கே போதும். இரண்டரை மீட்டர் அகலமுள்ள அறையின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 69 ஹெர்ட்ஸ். அதன் இருமடங்கு 137. இது ஆண் குரலின் வழக்கமான எல்லைக்குள் வருகிறது. அந்தச் சுருதி பொருந்தியதும் ஒலி பெருகுகிறது.

குகைக்கும் இசைக்கும் தமிழகத்தில் உள்ள தலைசிறந்த சான்று, புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலைக் கல்வெட்டு. குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் ஏழு கிராம ராகங்களின் சுரக்கோவைகள் நான்கு நான்காக வெட்டப்பட்டுள்ளன. உருத்திராசாரியாரின் சீடனான ஒரு மன்னன் இதனை இயற்றினான். அவன் மகேந்திரவர்மனே என்று நெடுநாள் நம்பப்பட்டது. கல்வெட்டில் பெயர் இல்லாததால் ஆய்வாளர் பலர் இப்போது ஏற்பதில்லை. மாணாக்கர் நலனுக்காக இயற்றியதாக அதில் சொல்லப்பட்டிருப்பதே எனக்கு மிகவும் பிடித்தது.

விளம்ப காலப் பாட்டு, தம்புரா, புல்லாங்குழல் ஆகியவை குகைக்குப் பொருந்தும். விரைவான சுரங்களும் தவில் சொற்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும். ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். அது வௌவால்களையும் கலைக்கும். மேலும், தொல்லியல் துறை பாதுகாக்கும் மத்திய அரசுச் சின்னங்களில் எழுத்துமூல அனுமதியின்றிக் கேளிக்கை நிகழ்ச்சி நடத்த 1959ஆம் ஆண்டு விதிகள் இடம் தரவில்லை. பாதுகாக்கப்பட்ட இடத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கல்லுடைக்கவும் தடை உண்டு. பட்டியலில் சேராத குகைத்தளங்களுக்கு இந்தக் காப்பு இல்லை. குவாரி வெடி பாறையைப் பிளந்துவிட்டால் அங்கிருந்த ஒலியும் போய்விடும்.

மண்டகப்பட்டுக்குச் செல்லும் மாணவர்கள் முதலில் வெளியே நின்று ஒருமுறை கைதட்டட்டும். பிறகு தூண்களுக்குப் பின்னே சென்று, அதே வேகத்தில் மீண்டும் ஒருமுறை தட்டி, ஒலி அடங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும்.