ரவுடி இல்லை, வல்லவன்!

"இது குண்டர் கும்பல் பாட்டாச்சே, இதையெல்லாம் ஏன் போடுறீங்க?" வானொலியில் ஒரு சொல்லிசைப் பாடல் ஒலித்தால் இப்படி ஓர் அழைப்பாவது வரும். பேசுபவர் பெரும்பாலும் பதின்ம வயதுப் பிள்ளையின் அம்மா அல்லது அப்பா. அந்தக் கோபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. 2013-ல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றின் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்றும் சொன்னது. அதைப் படித்த பிறகு கிள்ளானில் பிள்ளை வளர்க்கும் எந்தத் தாய்க்குத் தூக்கம் வரும்?

ஆனால் பாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன் இரண்டு ஆல்பங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாவது, அமெரிக்காவின் தென்பகுதியில் பிறந்த 'ரைடின் டர்ட்டி'. 1996-ல் வந்தது. பாடியவர்கள் பன் பி, பிம்ப் சி என்ற இருவர். குழுவின் பெயர் யு.ஜி.கே. டெக்சஸ் மாநிலத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் சூழ்ந்த போர்ட் ஆர்தர்தான் அவர்கள் ஊர். அந்தக் காலத்தில் ராப் என்றால் நியூயார்க், இல்லாவிட்டால் லாஸ் ஏஞ்சலிஸ். தெற்கத்திக்காரன் வாயைத் திறந்தாலே பட்டிக்காட்டான் என்று சிரிப்பார்கள். 1995-ல் நியூயார்க்கில் நடந்த ஒரு விருது விழாவில், அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் குழு பரிசு வாங்க மேடையேறியபோது கூட்டம் கூச்சல் போட்டது. யு.ஜி.கே. தங்கள் ஊர்ப் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. புளூஸ் இசையையும் தேவாலய ஆர்கன் ஒலியையும் சேர்த்துக்கொண்டு அதே நாக்கில் பாடினார்கள்.

ஒளிவுமறைவு வேண்டாம், அது சிறுவர்கள் கேட்கும் ஆல்பம் இல்லை. போதைப்பொருள், துப்பாக்கி, கெட்ட வார்த்தை எல்லாம் உண்டு. ஆனால் ஆல்பத்தைத் தொடங்கி வைக்கும் பாடல் சாவைப் பற்றியது. பாடல்களுக்கு நடுவே, உண்மையிலேயே சிறையில் இருந்த ஒரு நண்பரின் பேச்சும் வருகிறது. காரும் காசும் பேசும் அதே ஆல்பத்தில், அதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் இருக்கிறது.

இரண்டாவது நம் வீட்டு ஆல்பம்: 2006-ல் வெளிவந்த 'வல்லவன்'. யோகி பி, எம்சி ஜெஸ், டாக்டர் பர்ன் மூவரும் 'யோகி பி & நட்சத்திரா' என்ற பெயரில் செய்தது. யோகி பி அதற்கு முன்பே, தொண்ணூறுகளில், 'பொயட்டிக் அம்மோ' குழுவில் பல மொழிகளில் பாடிப் பெயர் வாங்கியவர். இந்த முறை தமிழையே முன்னால் நிறுத்தினார்.

அந்தச் சூழலையும் நினைத்துப் பாருங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கோயிலையும் பள்ளியையும் விட்டு வந்த குடும்பங்கள் அடுக்குமாடிகளிலும் புறம்போக்குக் குடிசைகளிலும் ஒதுங்கியிருந்தன. அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போய்விட, 'நீ யார் தெரியுமா?' என்று பையன்களைத் தட்டிக்கொடுக்கக் கீழ்த்தளத்தில் கும்பல் காத்திருந்தது. அதே பையன்களிடம்தான் இந்த ஆல்பமும் பேசியது. சொல்லிசைக்கே உரிய மார்தட்டல் இதிலும் உண்டு. ஆனால் பாராங் கத்தியைக் காட்டி மார்தட்டாமல், திறமையைக் காட்டி மார்தட்டியது. தலைப்பே அதைத்தான் சொல்கிறது.

ஆல்பத்தில் ஊரெங்கும் ஒலித்தது 'மடை திறந்து'. இளையராஜா இசையில் 1980-ல் வந்த 'நிழல்கள்' படப் பாடலை எடுத்து, அதன்மேல் சொல்லிசை கட்டினார்கள். 'நிழல்கள்' வேலையில்லா இளைஞர்களின் கதை. அந்தப் பாடலோ, இசையில் ஜெயிக்கத் துடிக்கும் ஒருவனின் கனவு. நம் அடுக்குமாடிப் பையன்களுக்கு அதைவிடப் பொருத்தமான பாட்டு வேறு எது?

பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் காலமெல்லாம் சென்னைப் பாட்டை வாங்கிக் கேட்டவர்கள் நாம். 'வல்லவன்' வந்த பிறகு சென்னை இந்தப் பக்கம் திரும்பியது. 'பொல்லாதவன்' (2007), 'ஆடுகளம்' (2011), 'விவேகம்' (2017) என்று யோகி பி-யின் குரல் தமிழ்ப் படங்களில் வரிசையாக ஒலித்தது. போர்ட் ஆர்தரைப் போலவே, ஓரத்தில் இருந்த ஊர் தன் பேச்சை மாற்றாமலே கவனிக்க வைத்தது.

எல்லாச் சொல்லிசையும் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. கும்பலின் எண்ணையும் அடையாளத்தையும் பெருமையாகக் காட்டும் பாட்டு என் கைக்கு வந்தால் அது ஒலிபரப்புக்குப் போகாது. ஒரு பாட்டைக் கையில் எடுக்கும்போது நான் கேட்டுக்கொள்வது இரண்டே கேள்விகள். இவன் எதைக் காட்டிப் பெருமைப்படுகிறான்? அடிதடி வந்தால் அடுத்து என்ன ஆகும் என்பதையும் சொல்கிறானா?

இந்த இரண்டையும் வீட்டிலும் கேட்கலாம். பிள்ளையின் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்க வேண்டாம். ஒரு பக்கத்தை வாங்கி உங்கள் காதில் வைத்துக்கொள்ளுங்கள். புரியாத வரிக்கு அவனிடமே அர்த்தம் கேளுங்கள். தமிழ்ப் பாடநூலைத் திறக்க அலுத்துக்கொள்பவன், எதுகை எங்கே விழுகிறது, மோனை எங்கே இடிக்கிறது என்று உங்களுக்கு விளக்குவான். அந்தப் பேச்சு நடக்கும் வீட்டில், 'நீ யார் தெரியுமா?' என்று கீழ்த்தளத்தில் எவனோ சொல்லித்தான் அவனுக்குத் தெரிய வேண்டும் என்ற நிலை இருக்காது.