மின்சாரம் நின்றால் ஆக்சிஜன் எத்தனை மணி நேரம் வரும்?

வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டியைப் பயன்படுத்தும் நோயாளிகளின் குடும்பத்தாரிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மின்தடை ஏற்பட்டால் என்ன செய்வீர்கள்?" "இன்வெர்ட்டர் இருக்கிறது, டாக்டர்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டால்தான் தயக்கம் தெரிகிறது.

வீட்டு இன்வெர்ட்டரின் பேட்டரியில் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்று குறித்திருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 1800 வாட்-மணி. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் செறிவூட்டி ஏறத்தாழ 350 வாட் எடுக்கும். வகுத்துப் பார்த்தால் ஐந்து மணி நேரம் வரும். ஆனால், இந்தக் கணக்கை நம்பி இருந்துவிடக் கூடாது.

பேட்டரியின் மேல் 'சி20' என்ற குறியீடும் இருக்கும். மணிக்கு மணி மெதுவாக, 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுத்தால்தான் அந்த 150 முழுமையாகக் கிடைக்கும் என்பது அதன் பொருள். செறிவூட்டியோ 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. வேகமாக இழுக்கும்போது ஈய-அமில பேட்டரி தன் முழு அளவையும் தருவதில்லை. இன்வெர்ட்டரிலும் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. ஆகவே, புதிய பேட்டரிக்கே மூன்று மணி நேரம் என்று கொள்வதே பாதுகாப்பானது. பேட்டரி பழையதானாலும், மின்விசிறியும் விளக்கும் சேர்ந்து ஓடினாலும் இந்நேரம் மேலும் குறையும்.

உங்கள் வீட்டு நிலையை நீங்களே அறியலாம். மின்சாரம் இருக்கும் பகல் வேளையில், நோயாளியைச் சிலிண்டர் ஆக்சிஜனுக்கு மாற்றிய பிறகு, செறிவூட்டியை இன்வெர்ட்டரில் மட்டும் ஓடவிடுங்கள். எச்சரிக்கை ஒலி எழும்வரை ஆகும் நேரத்தைக் குறித்து, அதில் பாதியை மட்டும் நம்புங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

இன்வெர்ட்டர் இருந்தாலும் சிலிண்டர் அவசியம். 1500 லிட்டர் கொண்ட 'பி' வகைச் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் சுமார் 12 மணி நேரம் வரும். 4 லிட்டர் என்றால் 6 மணி நேரமே. ரெகுலேட்டரைப் பொருத்தும் முறையை வீட்டில் இருவராவது கற்றிருக்க வேண்டும். அருகில் தீயோ புகைபிடித்தலோ கூடாது.

மின்சாரம் நின்றதும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி தீரும்வரை காத்திராமல் சிலிண்டருக்கு மாற்றுங்கள். மூச்சுத்திணறல் கூடினாலோ, உதடு நீலமானாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ, தாமதமின்றி 108ஐ அழையுங்கள்.