ஒரே மேடையில் பதில் சொல்லட்டும்!

ஆஸ்திரேலியாவில் 1984இல் பாப் ஹாக்கும் ஆண்ட்ரூ பீகாக்கும் முதன்முறையாகத் தொலைக்காட்சியில் தேர்தல் விவாதம் நடத்தினர். பிற்காலத்தில், பார்வையாளர்களின் உடனடி எதிர்வினையை ஏறியிறங்கும் கோடாகத் திரையிலேயே காட்டினர். அதற்குப் ‘புழு’ என்று பெயர். வென்றவர் யார் என்ற சர்ச்சை ஓயாவிட்டாலும், ஒரே கேள்விக்கு இருவரின் பதிலையும் வாக்காளர் ஒருசேரக் கேட்டுவிடுகிறார்.

இந்தியாவில் 2024 மே மாதம், முன்னாள் நீதிபதிகள் மதன் லோகூர், ஏ.பி.ஷா, மூத்த பத்திரிகையாளர் என்.ராம் ஆகியோர் நரேந்திர மோடியையும் ராகுல் காந்தியையும் பொது விவாதத்துக்கு அழைத்தனர். ராகுல் இசைந்தார், ஆனால், விவாதம் நடக்கவில்லை.

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகியவை அடங்கிய தென்சென்னை, ஏப்ரல் 19 அன்றே வாக்களித்துவிட்டது. மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. தமிழச்சி தங்கபாண்டியன், தமிழிசை சௌந்தரராஜன், ஜெ.ஜெயவர்தன் ஆகியோர் களத்தில் இருந்தனர். வாக்குப்பதிவு ஏறத்தாழ 54 சதவீதம்தான். பிரச்சார வாகனத்திலிருந்து கையசைத்துச் செல்பவரிடம், ‘அடுத்த வெள்ளத்துக்கு என்ன திட்டம்?’ என்று வாக்காளர் குறுக்குக் கேள்வி கேட்க இயலாது.

தேசியத் தலைவர்கள் தயங்கினால், தொகுதியிலிருந்தே தொடங்கலாம். மயிலாப்பூரில் சபா அரங்குகளுக்குப் பஞ்சமில்லை. வேட்பாளர்கள் ஒரு மாலைப் பொழுதை வாக்காளருக்கு ஒதுக்கினால் போதும்.