மகளுக்கும் அதே கிடாவா?

"அண்ணே, நம்ம கிடா நல்ல கிடா. அதோட மகளுக்கே அதைச் சேர்த்தா என்ன? பண்ணைக்காரங்க லைன் பிரீடிங்னு இதைத்தானே செய்யறாங்க?" சாத்தூர்ப் பக்கம் கன்னி ஆடு வளர்க்கும் ஒரு தம்பி கேட்டது. நல்ல கேள்வி. இன்னொரு டீ சொல்லிவிட்டு நிதானமாகப் பேச வேண்டிய சங்கதி.

குட்டிக்குத் தாயிடமிருந்து ஒரு மரபணு, தகப்பனிடமிருந்து ஒன்று என்று ஜோடியாகவே வரும். பல குறைகள், ஜோடியில் இரண்டும் பழுதானால்தான் வெளியே தெரியும். ஒன்று நன்றாக இருந்தால் மற்றதன் பழுது ஒளிந்துகிடக்கும். பார்வைக்கு ராஜா மாதிரி நிற்கிற கிடாவிடமும் அப்படி ஏதாவது இருக்கும். உறவில்லாத பெட்டையோடு சேரும்வரை பெரும்பாலும் தொல்லை இல்லை. மகளோடு சேர்த்தால்? அந்தப் பழுது மகளுக்குப் போயிருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. போயிருந்தால், குட்டிக்கு இரு பக்கமிருந்தும் வந்து சேர நாலில் ஒரு வாய்ப்பு. ஆக, எட்டில் ஒரு குட்டி. இது ஒரே ஒரு பழுதுக்கான கணக்கு.

கோணல் தாடை, ஒற்றை விதை என்று வந்தால் கண்ணில் படும். பெரும்பாலும் அப்படி வராது. பிறந்த எடை குறையும். இரட்டை ஈன்ற வழியில் ஒற்றைக் குட்டி விழும். பெட்டை சினை பிடிக்காமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும். கழிச்சலுக்குக் குட்டிகள் தாங்காது. நாம் தீவனத்தையும் மழையையும் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

இப்படி உறவுக்குள் சேர்ப்பதன் நெருக்கத்தை அளக்கும் கணக்கை 1922-இல் சீவல் ரைட் என்ற அமெரிக்க அறிஞர் தந்தார். தகப்பனும் மகளும் சேர்ந்தால் குட்டிக்கு நெருக்கம் 25 சதவீதம். கூடப்பிறந்தவை சேர்ந்தாலும் அதேதான். தகப்பன் மட்டும் ஒன்றானால் 12.5.

லைன் பிரீடிங்கும் இந்தக் கணக்குக்குள் அடங்கியதே. அருமையான ஒரு கிடாவின் ரத்தம் பேரன் காலத்தில் கால்பங்காகக் கரைந்துவிடும். அதன் மகனையும் வேறு தாய்க்குப் பிறந்த மகளையும் சேர்த்தால், குட்டியிடம் தாத்தாவின் பங்கு சராசரியாகப் பாதி நிற்கும். சொந்த மகனிடம் இருக்கிற அதே அளவு. ஆசை நியாயமானது. ஆனால் நல்ல குணத்தோடு ஒளிந்த பழுதும் சேர்ந்தே கெட்டிப்படும். அதைக் கழிக்க ஏராளமான ஆடு வேண்டும், காதில் எண்ணும் கையில் நோட்டும் வேண்டும், குறையுள்ள குட்டியைத் தயங்காமல் கறிக்குத் தள்ளும் மனசு வேண்டும். 25 பெட்டை வைத்திருப்பவருக்கு இது ஆகாது என்பதே என் முடிவு.

நம் பட்டிகளில் திட்டம்போட்டு யாரும் உறவுக்குள் சேர்ப்பதில்லை, தானாக நடக்கிறது. கொழுத்த கிடாக்குட்டிகளெல்லாம் கோயில் கொடைக்கும் பக்ரீத்துக்கும் விலை போய்விடும். விலை போகாமல் மிஞ்சியதே சொந்தப் பட்டிக்குப் பொலிகிடா ஆகிவிடும். எனக்கு வயிறு எரிவது இங்கேதான். கிடா வந்து ஐந்து மாதத்தில் குட்டி, அந்தப் பெண்குட்டி எட்டுப் பத்து மாதத்தில் பருவம். ஒன்றேகால் வருஷத்தில் சொந்த மகள் எதிரே நிற்கும். அதற்குள் கிடாவை மாற்றியாக வேண்டும்.

பழைய தப்புக்கும் மருந்து உண்டு, தம்பி. உறவில்லாத ஒரு கிடா வந்தால், தாய் எவ்வளவு நெருங்கிய கலப்பில் பிறந்திருந்தாலும் அடுத்த ஈத்துக் குட்டிக்கு அந்த நெருக்கச் சதவீதம் பூஜ்யம். பக்கத்து ஊரில் வாங்கினால் அதன் தகப்பன் யார் என்று கேட்டு வாங்கு. உன் பழைய கிடாவின் பேரனாகவே இருக்கலாம். கிடாக்குட்டிகளை மூன்று மாதத்திலேயே தனியே பிரி, இல்லையென்றால் காயடித்துவிடு. நாலாம் மாதமே அக்கா தங்கை மேல் ஏறும்.