மோட்டார்க் குளிர்சாதனத்தின் ஓசைகள்

டில்லியில் வேப்ப மரங்கள் இலையுதிர்ப்பது பங்குனி மாதத்தில். தெருவெங்கும் சருகு பரந்து கிடக்கும் அந்நாட்களிலேதான், குளிர்காலம் முழுவதும் ஓய்ந்திருந்த மோட்டார்க் குளிர்சாதனத்தை மக்கள் மீண்டும் முடுக்குகின்றனர். அதுவரை கேளாத ஓசையொன்று பல வண்டிகளில் எழுகின்றது. சென்ற ஆண்டு என் வண்டியிலும் எழுந்தது. பட்டறைக்காரர் ஒருவர் செவி சாய்த்துக் கேட்டு, "கம்ப்ரெஸர் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும்" என்றார். அவர் கூறிய தொகை என் மாத ஊதியத்திற் பாதி. மற்றொருவரிடம் காட்டியபோது, காற்று விசிறியின் கூட்டிலிருந்து ஒரு கைப்பிடிச் சருகை எடுத்து வெளியே போட்டார், ஓசை நின்றது. முதலாமவரைப் பொய்யர் என்று நான் கூறவில்லை. ஓசை எப்பொழுது எழுகிறது என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

குளிர்சாதனத்தின் உள்ளே ஒரு வாயு சுற்றி வருகின்றது. கம்ப்ரெஸர் அதனை அழுத்துகிறது. வண்டியின் முகப்பிலுள்ள கண்டென்ஸரில் அது வெப்பத்தை இழந்து திரவமாகிறது. பின்னர்ச் சிறு துளை வழியே பாய்ந்து, டாஷ்போர்டின் பின்னாலுள்ள குழாய்களில் ஆவியாகி, அவற்றைக் குளிரச் செய்கிறது. அக்குழாய்களின் மீது விசிறி காற்றை வீசுகிறது. கம்ப்ரெஸரைச் சுழற்றுவது எஞ்சினோடு இணைந்த பெல்ட். அதனைத் தேவைக்கேற்பப் பற்றவும் விடவும் ஒரு மின்காந்தக் கிளட்ச் உண்டு. அமெரிக்காவில் பாக்கார்டு நிறுவனம் தன் 1940ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளிற் குளிர்சாதனம் அமைத்தபோது இந்தக் கிளட்ச் இல்லை. குளிர் வேண்டாவெனில் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, பெல்ட்டைக் கழற்றவேண்டியிருந்தது! இன்று நமக்குக் கேட்கும் "டக்" என்னும் ஒலி அந்தக் கிளட்ச் பற்றும் ஒலியே. அதனால் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் சில விநாடிகளுக்கொரு முறை அது டக், டக்கென்று பற்றியும் விட்டும் இருக்குமாயின், வாயு குறைந்திருக்கலாம்.

இனி, சோதிக்கும் முறை. எஞ்சினை ஓட்டாது, சாவியை மட்டும் திருப்பி, விசிறியை இயக்குங்கள். படபடவென்றோ சரசரவென்றோ ஓசை எழுந்து, விசிறியின் வேகத்தோடு கூடிக் குறையுமானால், குற்றம் விசிறியில்தான். சருகோ, எலி கொணர்ந்த பஞ்சோ, தேய்ந்த மோட்டாரோ காரணமாகலாம். டாஷ்போர்டின் பின்னே கடக், கடக்கென்று ஒழுங்காக ஒலித்தால், காற்றைத் திசைதிருப்பும் சிறு கதவின் பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைந்திருக்கக்கூடும். செலவு பெரிதன்று, கைபோகாத இடத்திலிருப்பதால் உழைப்புத்தான் மிகுதி.

அடுத்து, குளிர்சாதனத்தை முடுக்காமல் எஞ்சினை மட்டும் ஓட்டிக் கேளுங்கள். இந்நிலையில் உறுமலோ கரகரப்போ கேட்டால் அதனை அலட்சியம் செய்யலாகாது. குளிர்சாதனம் ஓயினும் கம்ப்ரெஸரின் முன்னுள்ள கப்பி பெல்ட்டோடு சுழன்றுகொண்டே இருக்கும். அதன் பேரிங் தேய்ந்தால் உறுமும். அது இறுகிப்போனால் பெல்ட் அறுந்துவிடும். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் பாட்டரிக்கு மின்சாரமூட்டும் ஆல்டர்னேட்டரையும், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப்பம்பையும் சுழற்றுகிறது. நெடுஞ்சாலையில் நண்பகலில் பெல்ட் அறுந்தால் எஞ்சினே கொதித்துக் கெடும். "குளிர் வேண்டாம், அணைத்துவிட்டே போவோம்" என்று எண்ணுவோர் இதனை அறியார். பேரிங்கை மாற்றும் செலவோ, இழப்போடு ஒப்பிட்டால், சிறிது.

மூன்றாவதாகக் குளிர்சாதனத்தை முடுக்குங்கள். முடுக்கிய கணத்தில் கிரீச்சென்று அலறி ஓய்ந்தால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. முகப்பிலுள்ள மின்விசிறியும் அதே கணத்தில் ஓடத் தொடங்கும். அதன் இரைச்சலைக் கம்ப்ரெஸரின்மேல் ஏற்றிவிடாதீர்கள். கம்ப்ரெஸரிலிருந்தே கடகடவென்ற இடியோசை வருமாயின், முதலில் அதனைத் தாங்கும் திருகாணிகள் தளர்ந்தனவா என்று பார்க்கச் செய்யுங்கள். அவை இறுகியிருந்தும் ஓசை ஓயாவிடில், குளிர்சாதனத்தை உடனே அணைத்துவிடுங்கள். உடைந்த கம்ப்ரெஸரின் உலோகத் துகள்கள் வாயுவோடு கண்டென்ஸர் வரை சென்று அடைத்துக்கொண்டால், ஓர் உறுப்பை மாற்றும் செலவு மூன்று நான்கு உறுப்புகளை மாற்றும் செலவாகிவிடும்.

அணைத்தவுடன் சிறிது நேரம் "உஸ்" என்று கேட்பது இயல்பே. அழுத்தம் சமநிலை அடைகிறது. ஆனால் குளிரும் குறைந்து, சீற்றமும் நீடிக்குமாயின் கசிவு உண்டா என்று பார்க்கவேண்டும். வாயுவோடு கலந்தோடும் எண்ணெயே கம்ப்ரெஸருக்கு உயவு. வாயு கசியுமிடத்து எண்ணெயும் கசியும். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் வாயு நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். பல வண்டிகளிலுள்ள ஆர்-134ஏ என்னும் வாயு, புவியை வெப்பமாக்குவதில் கரியமில வாயுவைக் காட்டிலும் ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது. குழாய்களை நீங்களே கழற்ற முற்படாதீர்கள். சீறிவரும் திரவம் தோலை உறையச் செய்யும். ஓடும் பெல்ட்டின் அருகே துப்பட்டாவோ சேலைத் தலைப்போ வேட்டியோ நெருங்கலாகாது.

பட்டறையில் "ஏதோ சத்தம்" என்று கூறுவதனாற் பயனில்லை. நம் மொழியில் ஒலிக்குறிப்புச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. எஞ்சின் ஓடாதபோதா, ஓடும்போதா, குளிர்சாதனம் முடுக்கியபோதா என்பதையும், படபடவா, கிரீச்சா, உறுமலா என்பதையும் ஒரு தாளிற் குறித்துச் செல்லுங்கள். இங்குள்ள மெக்கானிக்குக்கு இந்தி தவிர வேறு மொழி தெரியாதாயினும், நான் வாயால் அந்த ஓசையைச் செய்து காட்டியவுடன் அவர் நேரே விசிறிக் கூட்டைத்தான் திறந்தார்.